மூளையின் பட்டினி

ரமளான் தலைப்பிறை தெரிந்துவிட்ட இரவு. பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகை தொடங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகளாகக் குடிப்பழக்கத்தில் மூழ்கிக் கிடந்த ஒருவர், "இந்த நோன்போடு விட்டுவிடுகிறேன்" என்று மனைவியிடம் சொல்கிறார். அந்த அம்மாள் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார். முதல் நோன்பு கழிகிறது. இரண்டாம் நாள் கைகளில் நடுக்கம். மூன்றாம் நாள் கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடி நடக்கிறார். கண்மணிகள் ஒரு நிலையில் நிற்காமல் துடிக்கின்றன. எதிரே நிற்கும் மகனை, என்றோ மௌத்தாகிவிட்ட தம்பியின் பெயர் சொல்லி அழைக்கிறார்.

"யாருக்கும் தெரியாமல் குடித்துவிட்டு வந்திருக்கிறார்" என்கிறான் மூத்த மகன். "ஜின் தீண்டியிருக்கும், ஓதிப் பார்க்கலாம்" என்கிறார் மாமியார். கடைசியில் பக்கத்திலுள்ள சிறிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்கிறார்கள். "குடிப் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்கிறார். அறை வாசலில் ஜமாஅத்தார் இருவர் நிற்கிறார்கள். "இல்லை டாக்டர், நோன்பு வைத்த அசதிதான்" என்கிறார் மனைவி. குளுக்கோஸ் ஏற்றப்படுகிறது. வீட்டார் நிம்மதியடைகிறார்கள்.

இந்த வீடு எங்கே இருக்கிறது என்று வாசகர்கள் தேட வேண்டாம். பாடத்திற்காக நாம் எழுப்பிக் காட்டிய வீடு அது. ஆனால் அந்த மனைவி சொன்ன "இல்லை" என்ற ஒரு சொல் நம் சமுதாயத்தில் அடிக்கடி சொல்லப்படும் சொல்தான். அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதரின் நினைவாற்றல் நிரந்தரமாக அணைந்துவிடலாம். உயிரே போய்விடவும் கூடும். அது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

மலைமேல் ஓர் ஊர்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அதைச் சூழ்ந்த சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஒன்று வாழவந்தி. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் பலா மரமும் குளிரும் உள்ள பகுதி. இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு மேலே சொன்ன நிலை ஏற்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கியாக வேண்டும். அங்கே போய்ச் சேரும்வரை நோயாளிக்கு டாக்டர் வீட்டுக்காரர்கள்தாம். அவர்கள் எதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறார்கள், டாக்டரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். ஆகவே அப்படி ஒரு மலைக்கிராமத்தை மனத்தில் வைத்துக்கொண்டே இப்பாடத்தைப் படிப்போம்.

"மலைக் குளிருக்குக் கொஞ்சம் போட்டால்தான் உடம்பு தாங்கும்" என்று சொல்வோரை நாம் கேட்டிருக்கிறோம். இது தவறான எண்ணம். மது, தோலுக்கடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அதனால் உடம்பின் உள்ளே இருக்கவேண்டிய வெப்பம் தோலுக்கு வந்து வெளியேறுகிறது. சூடு ஏறியதுபோல் தோன்றுகிறது. உண்மையில் உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த மலை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் மதுவிலக்கு வரலாற்றில் சேலத்திற்குத் தனி இடம் உண்டு. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில்தான் நடைமுறைக்கு வந்தது. 1948-க்குள் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் தமிழ்நாட்டில் தளர்த்தப்பட்டது. 1974-ல் கடைகள் மூடப்பட்டன. 1981-ல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-ல் மது வாணிபத்திற்கென அரசு நிறுவனம் தோன்றியது. 2003-லிருந்து சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. சட்டம் வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. ஆனால் குடிப்பவரின் மூளைக்குள் அல்லாஹ் அமைத்து வைத்திருக்கும் நியதி எந்தச் சட்டத்தோடும் மாறவில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது மெத்தனால் என்னும் விஷத்தின் வேலை. ஒரே நாளில் கொல்லும், கண் பார்வையைப் பறிக்கும். நாம் இங்கே சொல்லப்போவது வேறு. கலப்படமே இல்லாத மது, ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் செய்கிற கேடு இது. ஒன்று கொலை என்றால் மற்றொன்று பட்டினி போட்டுச் சாகடிப்பது.

மூளைக்கு வேண்டிய தீனி

மனித உடம்பின் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடம்பு செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. மூளை தன் தீனிக்குப் பெரும்பாலும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையையே நம்பியிருக்கிறது. அதைச் சேமித்து வைத்துக்கொள்ள அதற்குப் பெரிய களஞ்சியமும் இல்லை. இரத்தம் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க அப்போதைக்கப்போது எரித்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை இருந்தால் மட்டும் போதாது. விறகு வீட்டில் குவிந்திருந்தாலும் அடுப்பு எரியாவிட்டால் சோறு வேகாது அல்லவா? குளுக்கோஸை எரித்து, உயிரணுக்கள் செலவிடத்தக்க நாணயமாக மாற்ற வேண்டும். அந்த நாணயத்தின் பெயர் ஏ.டி.பி. அதை 1929-ல் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம் நாட்டவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அமெரிக்காவில் ஃபிஸ்கே என்னும் பேராசிரியருடன் சேர்ந்து அவரும், அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் இதைக் கண்டார்கள்.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 30 நாணயங்கள் கிடைக்கும். பாதி வழியில் நின்றுவிட்டால் 2 மட்டுமே கிடைக்கும். முப்பது ரூபாய் கூலி வரவேண்டிய இடத்தில் இரண்டு ரூபாய் வந்தால் ஒரு குடும்பம் எப்படி வாழும்? மூளையின் கதியும் அதுதான்.

சாவி எது?

இதை மலைப்பாதையை வைத்தே விளங்கிக்கொள்வோம். சரக்கு லாரிகள் வரிசையாக மலையேறுகின்றன. நடுவில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே கதவு திறந்தால்தான் சரக்கு மேலே ஆலைக்குப் போய்ச் சேரும். கதவின் சாவி தொலைந்துவிட்டால் லாரிகள் தேங்கும். தேங்கிய சரக்கைப் பக்கத்து நிலத்தில் கொட்டுவார்கள். அது அழுகி நிலத்தையும் கெடுக்கும்.

குளுக்கோஸ் பாதி உடைந்து 'பைருவேட்' என்னும் பொருளாகி அந்தக் கதவண்டை வந்து நிற்கிறது. கதவைத் திறக்கும் நொதிக்கு ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி தயமின் எனப்படும் வைட்டமின் பி-1லிருந்து செய்யப்படுகிறது. ஆலைக்குள்ளே போனபின்னும் இன்னொரு கதவுக்கு அதே சாவி தேவை. உயிரணுக்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் வேறொரு கிளைப்பாதைக்கும் அதே சாவிதான். ஆக, ஒரு வைட்டமின் குறைந்தால் மூன்று வாசல்கள் அடைபடுகின்றன.

வாசல் அடைபட்டதும் பைருவேட் தேங்கி, லாக்டிக் அமிலமாக மாறுகிறது. ஏ.டி.பி. குறைகிறது. நரம்பணுக்கள் தங்களுக்குள் புகும் உப்பையும் நீரையும் இடைவிடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கவேண்டியவை, அதற்கான சக்தி இல்லாமல் வீங்குகின்றன, பிறகு மடிகின்றன. மூளை முழுவதும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. ஓய்வின்றி வேலை செய்யும் சில நடுப் பகுதிகளே முதலில் விழுகின்றன. கண்ணை அசைக்கும் மையங்கள், நடையைச் சமன்செய்யும் சிறுமூளையின் ஒரு பகுதி, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஆழமான சில முடிச்சுகள் ஆகியவை அவை. நாம் காட்டிய வீட்டில் அந்த மனிதரின் கண்ணும் காலும் நினைவும் ஒரே நேரத்தில் தடுமாறியதற்குக் காரணம் புரிகிறதல்லவா?

குடி சாவியைப் பறிக்கும் விதம்

ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு வேண்டிய தயமின் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுமேல். ஒரு கடுகின் எடைகூட இராது. ஆனால் உடம்பு சேமித்து வைப்பது ஏறத்தாழ 30 மில்லிகிராம் மட்டுமே. வரவு நின்றால் சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். குடி இந்தக் கையிருப்பை நான்கு பக்கமிருந்தும் கொள்ளையடிக்கிறது.

ஒன்று: குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மது வயிற்றை நிரப்பிப் பசியை அடக்குகிறது. அதில் எரிசக்தி உண்டு, வைட்டமின் இல்லை. இரண்டு: சாப்பிட்ட கொஞ்சத்திலிருந்தும் தயமினைக் குடல் உறிஞ்சிக்கொள்வதை மது தடுக்கிறது. மூன்று: தயமினைச் சேமிக்கும் ஈரல் மதுவால் நோயுற்று, சேமிப்பை இழக்கிறது. நான்கு: தயமினைச் சாவியாக வார்ப்பதற்கு மக்னீசியம் என்னும் தாது உப்பு வேண்டும், மது அதைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. ஆகவே வெளியே பார்க்கச் சதைப்பற்றோடு இருக்கும் குடிகாரரின் மூளையும் உள்ளே பட்டினி கிடக்கலாம்.

இப்போது அந்தக் குளுக்கோஸ் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். சாவி இல்லாத சாவடிக்கு மேலும் நூறு லாரிகளை அனுப்பியதுபோல அது ஆகிவிடக்கூடும். எஞ்சியிருந்த சிறிதளவு தயமினையும் அது செலவழித்துவிட்டு, நோயை முற்றச் செய்யலாம். இதனால்தான் குடிப் பழக்கம் உள்ளவர் என்று தெரிந்தால், டாக்டர்கள் குளுக்கோஸுக்கு முன்போ அதனோடு சேர்த்தோ தயமினை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் "குளுக்கோஸே வேண்டாம்" என்று டாக்டரைத் தடுத்துவிடக் கூடாது. இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால் குளுக்கோஸ்தான் உயிர்காக்கும். அதைத் தீர்மானிப்பது டாக்டரின் வேலை. அவருக்கு உண்மையைச் சொல்வது நம்முடைய வேலை.

அரிசித் தவிடு கற்றுத்தந்தது

இந்த அறிவு உலகுக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? நாம் உண்ணும் அரிசியிலிருந்துதான். 1890களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதருக்கு வரும் 'பெரிபெரி' நோய்க்கும் அதுவே காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கத்தில் நீலகிரியிலுள்ள குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-ல் மெக்காரிசன் என்னும் டாக்டர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து இன்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் வடக்கே, ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டோரிடம் பெரிபெரி பரவலாக இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் நெல் அவித்ததில் இவ்வளவு பெரிய மருத்துவம் இருந்திருக்கிறது!

1930களில் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர்ஸ் என்னும் பேராசிரியர், தயமின் இல்லாமல் நோயுற்ற புறாக்களின் மூளைத் திசுவைக் கண்ணாடிக் குழாயில் வைத்துச் சோதித்தார். அது பிராணவாயுவைக் குறைவாகவே எடுத்தது. துளி தயமினைச் சேர்த்ததும் பழையபடி எடுத்தது. திசு அழிந்துபோகவில்லை; சாவி இல்லாமல் நின்றிருந்தது, அவ்வளவுதான். காலத்தோடு மருந்து கொடுத்தால் மீட்கலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே. 1936-ல் தயமினை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், 1886-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர் என்பது நமக்கு ஒரு சுவையான செய்தி.

மூன்று அடையாளங்கள்

1881-ல் ஜெர்மானிய டாக்டர் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம், அறிவில் குழப்பம் ஆகிய மூன்றையும் அவர்களிடம் கண்டார். மூவரும் இறந்துபோனார்கள். அவர்களில் இருவர் குடிகாரர்கள். மூன்றாமவர் குடிக்காத இளம்பெண். அமிலத்தைக் குடித்து வயிறு புண்ணாகி ஓயாமல் வாந்தியெடுத்தவர்.

இந்த மூன்றாமவரை நாம் மறக்கக் கூடாது. மசக்கையில் வாரக்கணக்கில் எதுவும் தங்காமல் வாந்தியெடுக்கும் கர்ப்பிணிகளுக்கும், வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப்பின் சாப்பிட முடியாதவர்களுக்கும்கூட இந்த நோய் வரலாம். ஆகவே இந்த நோய் வந்தவரையெல்லாம் "குடித்திருப்பார்" என்று சொல்லிவிடுவது வீண்பழி சுமத்தும் பாவமாகிவிடும்.

இன்னொன்றும் முக்கியம். மூன்று அடையாளங்களும் சேர்ந்து வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் இறந்தபின் மூளையைச் சோதித்து இந்த நோய் உறுதி செய்யப்பட்ட 131 பேரைப் பற்றி 1986-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் உயிரோடிருந்தபோது நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. மூன்று அடையாளங்களும் சேர்ந்து காணப்பட்டவர்கள் ஆறில் ஒருவர்தாம். மற்றவர்கள் வெறும் போதை என்றோ அசதி என்றோ எண்ணப்பட்டிருக்கக் கூடும். இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளின் பின், ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதை 1991-ல் அந்நாடு கட்டாயமாக்கியது.

பொய்யல்லாத பொய்

காலத்தோடு மருந்து கிடைக்காமல் பிழைத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கட்டம் வருகிறது. 1887-ல் இதை விளக்கியவர் ரஷ்ய டாக்டர் கோர்சகோவ். பழைய நினைவுகள் ஓரளவு இருக்கும். புதியது எதுவும் மனத்தில் தங்காது. காலையில் சாப்பிட்டோமா, இப்போது எந்த வக்துத் தொழுகை, எத்தனை ரக்அத் ஆயிற்று என்பதெல்லாம் சில நிமிடங்களில் மறைந்துவிடும். அந்தக் காலியிடத்தை அவரது மூளை தானாகவே ஒரு கதையால் நிரப்பும். நேற்று முழுதும் கட்டிலில் கிடந்தவர், "நேற்று சேலம் சந்தைக்குப் போய் மிளகு விற்றுவிட்டு வந்தேன்" என்பார்.

வீட்டார் இதைப் பொய் என்கிறார்கள். பொய்யா அது? பொய் சொல்பவன் உண்மையை அறிந்துகொண்டே மறைக்கிறான். இவருக்கோ உண்மை எது என்பதே தெரியாது. தாம் சொல்வதை நம்பியே சொல்கிறார். நிய்யத்து இல்லாத இடத்தில் பொய்க் குற்றத்தை எப்படிச் சுமத்துவது? அவரிடம் வாதாடுவதிலோ ஏசுவதிலோ பயனில்லை. பொறுமையோடு நினைவூட்டுவதும், நேரத்துக்குச் சோறு கொடுப்பதும், தனியே வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதுமே வழி. அவருடைய தொழுகை, நோன்பு குறித்த சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மது படிப்படியாகத் தடுக்கப்பட்டபோது, நடுவில் வந்த கட்டளை (4:43), சொல்வது இன்னதென்று அறியும்வரை போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்பதாகும். முடிவான தடை (5:90) பிறகு வந்தது. தான் சொல்வதைத் தான் அறிவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை இந்த நோயாளியைப் பார்க்கும்போதுதான் நமக்கு முழுமையாக விளங்குகிறது. மார்க்கம் பாதுகாக்க வந்த ஐந்து பொருள்களில் தீனையும் உயிரையும் சந்ததியையும் செல்வத்தையும் சேர்த்து அறிவையும் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எண்ணியிருப்பது காரணமில்லாமல் அல்ல.

மறைப்பதா, சொல்வதா?

இப்போது அந்த மனைவி சொன்ன "இல்லை"க்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தால் சொல்லவில்லை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருப்பதை அவர் கேட்டு வளர்ந்தவர். மகளுக்கு நாளை சம்பந்தம் பேச வேண்டும். கணவர் மௌத்தானால் ஜமாஅத் என்ன சொல்லுமோ என்ற அச்சமும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்து அந்த ஒரு சொல்லாக வந்தன.

ஆனால் மறைக்க வேண்டியது ஊராரிடம், டாக்டரிடம் அல்ல. பிறர் குறையைப் பேசுவது எவ்வெப்போது அனுமதிக்கப்படுகிறது என்பதை இமாம் நவவீ (ரஹ்) தமது ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில் ஆறு வகையாக எண்ணிக் காட்டுகிறார்கள். தீமையை மாற்ற உதவி தேடுவது அவற்றில் ஒன்று. உயிரையும் அறிவையும் காப்பாற்ற டாக்டரிடம் உண்மை சொல்வது அதற்கு எவ்வகையில் குறைந்தது? நோயாளியின் இரகசியம் டாக்டரிடம் ஓர் அமானத். வாசலில் நிற்பவர்களை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, சாப்பாடு நின்று எத்தனை நாள் என்ற நான்கையும் சொல்லுங்கள். அந்த நான்கு விடைகளும் சேர்ந்து பாதி மருந்து.

வெளியே நிற்கும் ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒருவர் சபித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. நம் ஏச்சுக்குப் பயந்து ஒரு பெண் டாக்டரிடம் பொய் சொல்கிறாள் என்றால், அந்த நோயாளியின் அறிவு அழிந்ததில் நமக்கும் பங்கில்லையா?

தவ்பாவும் இன்றே, ஆஸ்பத்திரியும் இன்றே

மதுவை விட்டொழிப்பதைத் தள்ளிப்போடச் சொல்ல நமக்கு உரிமையில்லை. தவ்பா இன்றே செய்யவேண்டியது. ஆனால் பல ஆண்டுகள் நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது, முதல் சில நாட்களில் நடுக்கமும் வலிப்பும், இல்லாததைக் காணும் பிதற்றலும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு மருந்து உண்டு. ஆகவே நிறுத்துகிற அன்றே டாக்டரின் பார்வைக்குள் வந்துவிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுகளில் இச்சிகிச்சை கிடைக்கிறது. மலைக்கிராமத்தார் பிறை பார்க்கும் இரவுக்குக் காத்திராமல் ஷஃபான் மாதத்திலேயே மலையிறங்கிக் காட்டிவிடுவது நல்லது.

நடை தள்ளாட்டம், கண் துடிப்பு அல்லது இரட்டையாகத் தெரிதல், குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துப் பார்ப்போம் என்று நாள் கடத்தக் கூடாது. குடித்துக் கெட்ட குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது. ஊசிதான் வேண்டும். ஊசி போட்டால் கண் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் சீராகும். நடை மெதுவாகத் திரும்பும். நினைவு எல்லாவற்றிலும் தாமதம். முற்றிவிட்டால் பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. நோன்பு முறியுமே என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்லாஹ்வே வழங்கியிருக்கிறான் (2:184, 185). ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும். வண்டியில் போகும் வழியிலேயே ஓதலாம்.

குணமானவருக்குப் புழுங்கலரிசிச் சோறு, பாசிப்பயறு, உளுந்து, வேர்க்கடலை, எள், ஆட்டு ஈரல் ஆகியவை நல்ல உணவு. மலையில் முன்பு விளைந்து உண்ணப்பட்ட சாமையும் கேழ்வரகும், தீட்டித் தேய்க்காமல் உண்டால், மிக நல்லவை. ஆனால் குடித்துக்கொண்டே சத்துணவு சாப்பிட்டால் போதும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்குமா? மதுவை மருந்தாக்கலாமா என்று கேட்ட தோழருக்கு, அது மருந்தல்ல, நோய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தது முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. அதன் பொருளை இன்று மூளையின் ஒவ்வொரு வாசலிலும் காண்கிறோம்.

வாழவந்தி என்ற பெயருக்கு வாழ வந்த இடம் என்று பொருள் கொள்ளலாம். நாமெல்லோரும் இவ்வுலகுக்கு வாழ வந்தவர்கள்தாம். அறிவோடு வாழ்ந்து அறிவோடு திரும்பவேண்டியவர்கள். நம் வீட்டில் ஒருவர் அந்த அறிவை இழக்கும் விளிம்பில் நின்றால், அவரை மீட்கும் முதல் மருந்து நம் நாவில் இருக்கிறது. டாக்டர் கேட்கும்போது உண்மையைச் சொல்வதே அது. அதைச் சொல்லும் துணிவையும், கேட்டபின் இகழாதிருக்கும் பண்பையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.